மோன்செகூர் போகுமுன்

அன்புள்ள கயல்,

துலூஸிலிருந்து வாடகைக் காரில் தென் பிரான்ஸின் மோன்செகூர் மலைக்கோட்டைக்குப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போ. மழை பெய்தால் மட்டும் இன்னொரு நாளைக்குத் தள்ளிவை. பாதை முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஏறியவர்கள் கால்பட்டுத் தேய்ந்தது. நனைந்தால் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டுதான். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் காலை வாரும். அரை மணி நேர ஏற்றம். 1,207 மீட்டர் உச்சியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டர் எடுத்துக்கொள்.

1243 மே மாதம் பிரெஞ்சு மன்னரின் படை இந்த மலையை வளைத்தது. உள்ளே இருந்தவர்கள் கத்தார்கள். ரோமத் திருச்சபை 'மதத் துரோகிகள்' என்று துரத்திய கிறித்தவர்கள். மலைச்சுற்று பெரியது, அடைத்து முடியவில்லை. இரவில் ஆளும் தானியமும் மேலே போய்க்கொண்டிருந்தன. குளிர்காலத்தில்தான் நிலைமை மாறியது. மலையேறப் பழகிய சிலர் கிழக்குக் கோடியின் செங்குத்துப் பாறையில் இரவோடிரவாக ஏறி அங்கிருந்த காவல் முனையைப் பிடித்தார்கள். அதன்பின் கல்லெறி பொறியை மலைமுகட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு வர முடிந்தது. 1244 மார்ச் 2ஆம் தேதி சரண். மதத்தை விட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை 16ஆம் தேதி எரித்தார்கள். அவர்கள் நினைவாக 1960இல் நட்ட கல் பாதையின் தொடக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது ஒன்று சொல்கிறேன், மறக்காதே. நீ பார்க்கப்போகிற மதில் அவர்களுடையதல்ல. நிலம் கைமாறியபின் லெவி என்ற பிரபுக் குடும்பத்தார் கட்டியது. சூரியன் ஜூனில் கோபுரத்தின் அம்புத் துளைகள் வழியே நேராகப் புகுவதைக் காட்டி, 'கத்தார்களின் சூரியக் கோயில்' என்பார்கள். வெளிச்சம் புகுவது நிஜம்தான். ஆனால் கட்டியவர்கள் அவர்களை வென்ற பக்கத்து ஆட்களாயிற்றே!

அதனால் முற்றத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதே. வடக்கு வாசல் வழியாக வெளியே வா. மதிலை ஒட்டி, சரிவில் படிப்படியாக வீட்டு அடித்தளங்கள் தெரியும். பாறையிலேயே ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். முற்றுகையின்போது மக்கள் குடியிருந்தது அங்கேதான். கயிறு கட்டியிருந்தால் தாண்டாதே, கீழே பள்ளம்.

தோண்டி எடுத்த அம்புமுனைகளும் வீட்டுச் சாமான்களும் கீழே ஊரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. மாதத்துக்கு மாதம் நேரம் மாறும், முன்பே பார்த்துக்கொள். மேலே காற்று பலமாக அடிக்கும். ஸ்வெட்டர் எடுத்துப்போகச் சொல்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா