ஏறாமல் போன ராக்கெட்

ஜாக்சன்வில்

அன்புள்ள சுடலைமுத்து,

கருப்பட்டி வந்து சேர்ந்தது. ஓலைக் கொட்டான் நசுங்கிப்போய்விட்டது, ருசியில் ஒரு குறையும் இல்லை. உடைக்க முடியவில்லை என்று மருமகன் சுத்தியலோடு வந்து நின்றார். என் முழங்கால் பரவாயில்லை. மாடி ஏறும்போது மட்டும் 'நான் இருக்கேன்' என்கிறது.

நம்ம குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் வருவது பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு இருந்த ஊராட்சித் தலைவரிடம் விசாரித்தபோது, "பேப்பர்ல போட்டதுதான்வே எனக்கும் தெரியும்" என்றாராமே! அதைப் படித்ததிலிருந்து இங்கே பக்கத்துக் கவுன்டியில் (மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளூர் ஆட்சிப் பகுதி) நடந்த கூத்தை உனக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன்.

ஃபுளோரிடாவில் நான் இருக்கும் இடத்திலிருந்து வடக்கே கொஞ்ச நேரம் காரில் போனால் ஜார்ஜியா மாநிலம். எல்லையைத் தாண்டியதும் காம்டன் கவுன்டி. சனம் மொத்தமே 55,000 இருக்கும். ஆள்வது தேர்தலில் ஜெயித்து வந்த 5 ஆணையர்கள். இந்தக் கவுன்டிதான் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறேன் என்று 2012 வாக்கில் கிளம்பியது. நாசா இல்லை, மாநில அரசுகூட இல்லை. நம்ம பஞ்சாயத்து யூனியன் ஸ்ரீஹரிகோட்டா கட்டுவதாக நினைத்துக்கொள். இங்கே அது சட்டப்படி நடக்கிற காரியம். ஏவுதளம் நடத்த லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறை. நிலம் வாங்குவது, வரிப்பணத்தைப் போடுவது எல்லாம் உள்ளூர்க்காரன் பாடு. நியூ மெக்சிகோவில் இதைவிட வேடிக்கை. அங்கே ஏவுதளத்துக்காக விற்பனை வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். இரண்டு கவுன்டி சரி என்றது, மூன்றாவது கவுன்டி 2008இல் போடா என்றுவிட்டது.

காம்டனில் அவர்கள் பிடித்த இடத்தைக் கேள். கடலோரச் சதுப்பை ஒட்டி சுமார் 4,000 ஏக்கர். 1960களில் தியோக்கால் என்ற கம்பெனி ராக்கெட் மோட்டார் செய்ய வந்த இடம். அந்த வேலை கைகூடாமல், வியட்நாம் போருக்கு வெளிச்சக் குண்டு செய்யும் ஆலையாக மாறியது. 1971 பிப்ரவரி 3 அன்று அது வெடித்து 29 பேர் செத்தார்கள். நிறையப் பேர் கறுப்பினப் பெண்கள். சிவகாசிப் பக்கம் வெடிவிபத்து என்று செய்தி வரும்போதெல்லாம் நீயும் நானும் பேசாமல் இருப்போமே, அந்த மாதிரிக் கதை. அப்புறம் அந்த நிலம் யார் கைக்குப் போனது தெரியுமா? யூனியன் கார்பைடு! போபால் பேர் காதில் விழுந்த நமக்கு வேறு விளக்கம் வேண்டாம். அங்கே பூச்சிமருந்து செய்தார்கள், கழிவைப் புதைத்த குழி இன்னும் இருக்கிறது.

அங்கிருந்து கிளம்பும் ராக்கெட் நேரே கடலுக்குப் போகாது. நடுவே கம்பர்லாண்டு தீவும், அதன் வடக்கே வீடுகள் இருக்கிற சின்னக் கம்பர்லாண்டு தீவும் கிடக்கின்றன. பெரிய தீவு தேசியப் பூங்கா. பேத்தியோடு செயின்ட் மேரிஸ் ஊரிலிருந்து படகில் போய் வந்தேன். முக்கால் மணி நேரம். காட்டுக்குதிரை ஒன்று ஆளைச் சட்டை பண்ணாமல், பழைய மாளிகை இடிபாட்டின் முன்னால் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. இதன் தலைக்கு மேலேயா ராக்கெட் விடப் பார்த்தார்கள் என்று தோன்றியது.

2021 டிசம்பரில் லைசென்ஸ் வந்தது, வருஷத்துக்கு 12 சின்ன ராக்கெட் வரை விடலாம் என்று. அதற்குள் கவுன்டி 1 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தது. நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. ஊர்க்காரர்கள் ஜார்ஜியா அரசியல் சட்டத்தைப் புரட்டினார்கள். கவுன்டி போட்ட தீர்மானத்தை ரத்து செய்ய, வாக்காளரில் குறிப்பிட்ட பங்கு பேர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று அதில் ஒரு மூலையில் கிடந்தது. 3,500க்கு மேல் கையெழுத்து சேர்த்தார்கள். 2022 மார்ச் 8இல் வாக்கெடுப்பு. நிலம் வாங்க வேண்டாம் என்று நூற்றுக்கு 72 பேர் குத்தினார்கள். கவுன்டி விடவில்லை. அந்த அதிகாரம் நிலம் வாங்கும் தீர்மானத்துக்குச் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனது. 2023 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு நீதிபதிகூட மாறுபடாமல், மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே யூனியன் கார்பைடும் கைவிரித்திருந்தது.

இதைச் சொன்னால் மருமகன், "வேலை வந்திருக்குமே மாமா" என்கிறார். அதையும் தள்ள முடியவில்லை. செயின்ட் மேரிஸில் இருந்த காகித ஆலை 2002இல் மூடிப்போனது. படகுத்துறைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் அதில் வேலை பார்த்தவராம். வாக்கெடுப்பில் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். "வேண்டாம் என்றுதான் போட்டேன். ஆனால் என் பேரன் இப்போது அட்லாண்டாவில் இருக்கிறான்" என்றார். படகுக்குக் கூப்பிட்டார்கள், எழுந்துவிட்டோம்.

குலசையும் காம்டனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நமக்குத் தெற்கே திறந்த கடல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி விட்டால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும், சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே நிறைய எரிபொருள் வீணாகும். இடம் சரியான இடம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. என் பொறாமையெல்லாம் அந்த 3,500 கையெழுத்தின் மேல்தான். ஏவுதளம் வரட்டும். ஆனால் வருவதற்கு முன் குலசைப் பக்கத்து மாதவன்குறிச்சிக்காரனிடம் ஒரு சீட்டை நீட்டி, வேணுமா வேண்டாமா என்று யாராவது கேட்டிருந்தால்? நீயே 'வேணும்' என்று குத்தியிருப்பாய், எனக்குத் தெரியும்.

மார்ச்சில் வருகிறேன். பதனீர் இறக்க இன்னும் ஆள் இருக்கிறார்களா, இல்லை அவர்களும் திருப்பூர் போய்விட்டார்களா? எழுது.

உன்,
ராஜாமணி