டில்லி வரைக்கும் போனால்தான் அனுமதியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். உயர் நீதிமன்றத்தில் அது தலைகீழாகிவிட்டது. அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாரிமுனைக்கு பஸ் ஏறி மாமாவே போய் உட்கார்ந்துவிட்டு வருவார். இனி டில்லிதான் என்று வக்கீல் சொன்னதும் வீட்டில் யாருக்கும் பேச்சே வரவில்லை.

எங்களுடையது மாதிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு நேராக அப்பீல் போக முடியாது. அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவில், அப்பீல் செய்ய அனுமதி கொடுங்கள் என்று தீர்ப்பு வந்த 90 நாளுக்குள் மனு போட வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் அப்பீல். 90 நாள் தாராளம் என்று நினைத்தோம். ஆனால் சாட்சியம், விளக்கக் கடிதம் எல்லாம் தமிழில் இருக்க, அங்கே எல்லாமே ஆங்கிலத்தில் போக வேண்டுமாம். தம்புச்செட்டித் தெருவில் ஒரு டைப்பிங் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் அய்யா" என்று மாமா கைப்பட எழுதிய ஒரே வரியை மூன்று தடவை திருத்தினோம். டில்லி வக்கீலுக்காக அக்கா வளையல் அடகுக்குப் போனது.

மனு சில நிமிடத்தில் தள்ளுபடி, ஒரே வரி உத்தரவு. உச்ச நீதிமன்றமே நம்மைத் தப்பு என்று சொல்லிவிட்டது என்று மாமா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்படி இல்லவே இல்லை. காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால் அனுமதி தரவில்லை என்றுதான் பொருள், கீழே வந்த தீர்ப்பு சரி என்று ஆகாது. இதை 2000-ல் குன்ஹயம்மது வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்புறம், 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, உச்ச நீதிமன்றத்திலும் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. வளையல் போன பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது, வேறு யாருக்கும் அப்படி ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தலைமை நீதிபதி டில்லிக்கு வெளியேயும் உச்ச நீதிமன்றத்தைக் கூட்டலாம் என்று 130-வது பிரிவே சொல்கிறது. தெற்கே சென்னையிலோ ஐதராபாத்திலோ ஒரு அமர்வு வேண்டும் என்று 2009-லேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அனுமதி மனுக்களையாவது இங்கே கேட்கட்டும். நம் எம்.பி.க்கள் இதைப் பாராளுமன்றத்தில் விடாமல் கேட்க வேண்டும், நீங்களும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.