தேதி போட்டு வெச்சுக்க அம்மிணி

அம்மிணி,

நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னதுக்கு நான் ஒண்ணும் பேசாம வெச்சுட்டேன்னு உனக்கு வருத்தமாம், அம்மா சொன்னா. கோவம் எல்லாம் இல்ல கண்ணு. பெங்களூர் வேலைய விட்டுட்டு சொந்தமா குழந்தைங்க துணி பிராண்ட் ஆரம்பிக்கப் போறேன்னு நீ சொன்னதும் எனக்கு சந்தோசமும் பயமும் ஒண்ணா வந்துருச்சு, வாயில வார்த்தை வரல. போன்ல பேசினா பாதிய மறந்துருவேன், அதனால நம்ம தையல் கம்பெனியில உக்காந்து டைப் பண்றேன், எழுத்து தப்பா இருந்தா பாத்துப் படிச்சுக்க.

நீ அனுப்பின எக்செல் ஃபைல மூணு தடவ பாத்தேன். துணி, தையக்கூலி, பிரிண்டிங், பாக்கிங், கொரியர், விளம்பரம்னு எல்லாம் போட்டு பீஸுக்கு 62 ரூபா லாபம் நிக்கும்னு கணக்கு காட்டியிருக்க. கணக்கு சரிதான், கட்டிங் வேஸ்ட்டும், பழுதாகி நிக்கற செகண்ட்ஸ் பீஸும் மட்டும் கொஞ்சம் கம்மியா போட்டிருக்க. ஆனா அந்த ஃபைல்ல எங்கயுமே தேதி இல்ல. காசு என்னிக்கு வெளிய போவுது, என்னிக்கு உள்ள வருதுன்னு ஒரு இடத்துலயும் இல்ல. நான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

நான் முதல்ல எடுத்த பெரிய ஆர்டர் 20,000 பீஸ், பீஸுக்கு 7 ரூபா நிக்கும், ஆக 1,40,000 லாபம்னு அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. நூல்காரருக்கு 30 நாள்ல பணம் குடுக்கோணும், நூல துணியாக்கற நிட்டிங்குக்கும் சாயம் போடற டையிங்குக்கும் துணிய எடுக்கறப்பவே பாதி குடுக்கோணும், டெய்லருங்களுக்கு வாராவாரம் சனிக்கிழமை சம்பளம், சரக்கு கப்பல் ஏற 70 நாள், அதுக்கு மேல 60 நாள் கழிச்சுத்தான் பணம் வந்துச்சு. அந்த 130 நாளும் லாபத்துல ஓடற கம்பெனிதான், ஆனா பொட்டியில காசு கெடையாது. அந்த தடவ எப்படியோ தாண்டிட்டேன், தாண்டினதால நான் கெட்டிக்காரன்னு நெனச்சுட்டேன்.

2010-ல நாம கார் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா, நீ முன் சீட்டுக்கு அடம் புடிச்சியே. அந்த வருசம் நல்ல வருசம், வந்த காச காருக்கும் 12 புது மெசினுக்கும் போட்டுட்டேன், கையில ஒண்ணும் வெக்கல. 2011 ஜனவரி கடைசியில ஹைகோர்ட் உத்தரவு வந்து திருப்பூர்ல டையிங் எல்லாம் மூடிட்டாங்க, 700-க்கு மேல யூனிட். கோர்ட்டு சொன்னதுல தப்பே இல்ல, நொய்யலையும் ஒரத்துப்பாளையம் டேமையும் சாயத்தண்ணியால நாசம் பண்ணிட்டோம், அந்தப் பக்கம் தோட்டம் வெச்சிருந்த குடியானவங்க எத்தன வருசம் அழுதாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா என் துணி அப்ப டையிங்ல கெடந்துச்சு. வெளியூர்ல அலைஞ்சு சாயம் போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஷிப்மென்ட் தேதி போயிருச்சு. ஆர்டர் குடுத்த ஏஜெண்ட் லேட்டுன்னு சொல்லி டெபிட் நோட் போட்டு 6 லட்சத்தப் புடிச்சுட்டார்.

அதுல ஒரு சனிக்கிழமை. 38 பேருக்கு சம்பளம் 65,000 வேணும், கையில 11,000 இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெசின் எல்லாம் நின்னுருச்சு, யாரும் வீட்டுக்குப் போகல, கையக் கழுவிட்டு வாசல்ல உக்காந்திருக்காங்க, யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட பரவால்ல. நான் வீட்டுக்கு வந்தேன், அம்மா மொகத்தப் பாத்துட்டு உள்ள போய் வளையல் நாலு பவுனும், உனக்கு காது குத்தறப்ப மாமன் போட்ட ஒரு பவுன் சங்கிலியும் எடுத்துட்டு வந்து குடுத்தா. நீ அப்ப ஸ்கூல்ல இருந்து வந்து டிவி பாத்துட்டு இருந்த. ஏழு மணிக்கு சம்பளம் போட்டேன். வளையல 14 மாசம் கழிச்சு மீட்டுட்டேன். உன் சங்கிலிய மீட்க முடியல கண்ணு, கெடு தாண்டிருச்சு. பாங்க் லாக்கர்ல இருக்குதுன்னு உங்கிட்ட சொன்னது பொய். இத்தன வருசமா சொல்லோணும்னு நெனச்சு சொல்லாம விட்டது, மன்னிச்சுக்க.

திங்கக்கிழமை காலையில காலண்டர் தாளக் கிழிச்சு பின்னாடி எழுதினேன், யாருக்கு எவ்ளோ, என்னிக்கு. நூல்காரருக்கு 4 லட்சம், இன்னும் ஒம்பது நாள்ல குடுக்கோணும், குடுக்க முடியாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. வண்டிய எடுத்துட்டு நேரா அவர் கடைக்குப் போயி அந்தத் தாளையே மேசையில வெச்சேன். 'இந்தத் தேதிக்கு முடியாதுங்க, மாசம் 50,000 வீதம் எட்டு மாசத்துல முடிச்சர்றேனுங்க'ன்னேன். ரொம்ப நேரம் தாளையே பாத்துட்டு இருந்துட்டு, தேதி தாண்டி போன ஆஃப் பண்ணிட்டுப் போறவங்களத்தான் இந்த மாசம் பூரா பாக்கறேன், நீ முன்னாடியே வந்துட்டன்னு சொல்லி, அடுத்த ஆர்டருக்கும் நூல் குடுத்தார். எட்டு மாசம் சொன்னது பத்து மாசம் ஆச்சு, அந்த ரெண்டு மாசத்துக்கும் முன்கூட்டியே போய் சொன்னேன். இன்னிக்கு 16 மெசினோட கம்பெனி ஓடுதுன்னா அந்த நூல்னாலதான்.

தொழிலுக்கு தைரியம் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. உனக்கு அது இருக்கு, அதப்பத்தி எனக்குக் கவலையே இல்ல. குடுக்க முடியாத தேதி வர்றதுக்கு முன்னாடி கடன்காரர் வாசப்படி ஏறோணும் பாரு, அந்த தைரியத்தத்தான் நான் சொல்றேன்.

உன் விசயத்துக்கு வர்றேன். டிசைனுக்கு 300 பீஸுக்கு மேல முதல்ல வெட்டாத. 1,000 வெட்டினா கூலி கொறையும்னு யாராச்சும் சொல்லுவாங்க, கொறையும், ஆனா சில சைஸ் மட்டும் வித்து மீதி சைஸ் உடைஞ்சு நின்னா அந்த சரக்கு, மிச்ச சரக்கு விக்கற காதர்பேட்டைக்குத்தான் போவும், அங்க என்ன விலைக்குக் கேப்பாங்கன்னு உனக்கே தெரியும். ஆன்லைன்ல ரிட்டர்ன் வர்றத வித்த கணக்குல சேக்காத, ரிட்டர்ன் நாள் முடிஞ்ச பிறகு நிக்கறதுதான் உன் காசு. கடைங்களுக்கு கடன்ல போடாத, அவங்க பணம் குடுக்காட்டியும் பில் போட்டதுக்கு ஜிஎஸ்டிய அடுத்த மாசம் நீ கட்டியே ஆகோணும். சம்பளத்துக்குன்னு மூணு மாசக் காச தனி அக்கவுண்டுல போட்டு அதத் தொடாத.

இன்னொண்ணு, இத கொஞ்சம் கவனமா படி. நீ வெளிய தெச்சு வாங்கப் போற, அப்ப ஜாப் ஒர்க் குடுக்கறவ நீ, என்ன மாதிரி ஒரு ஆளு உன் பணத்துக்குக் காத்துட்டு இருப்பான். சின்ன யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள, ஒப்பந்தம் இல்லன்னா 15 நாளுக்குள்ள குடுக்கோணும்னு 2006-ல இருந்தே சட்டம் இருக்கு, தாண்டினா ரிசர்வ் பாங்க் வட்டி மாதிரி மூணு மடங்கு வட்டி. 2023-24 கணக்கு வருசத்துல இருந்து, அப்படி குடுக்காம வெச்ச பணத்த அந்த வருசச் செலவா வருமான வரியில காட்டவும் முடியாது. இந்தச் சட்டம் நமக்கு எல்லாம் தெரியும், ஆனா கேட்டா அடுத்த ஆர்டர் வராதுன்னு பயந்து ஒருத்தரும் கேக்கறதில்ல. உங்கிட்ட ஒருத்தர் அப்படி பயந்துட்டு நிக்கக் கூடாது. அவங்களுக்கும் சனிக்கிழமை உண்டு.

உன் ஃபைல்ல முதல் பக்கத்துல ஹட்சன் பால் கம்பெனி ஆரம்பிச்ச சந்திரமோகன் பேர் போட்டிருந்த. 1970-ல 13,000 ரூபாயோட சென்னை ராயபுரத்துல குச்சி ஐஸ்ல ஆரம்பிச்சவர். அவரோட ஆரோக்யா பால் வந்தது 1995-ல. நடுவுல இருக்கற அந்த 25 வருசத்த எண்ணிப் பாரு. குச்சி ஐஸ் வித்தா அன்னிக்கே காசுங்கறதையும் சேத்துப் பாரு. நீயும் மெதுவா வளரு, அவசரம் ஒண்ணும் இல்ல, கல்யாணப் பேச்ச நான் எடுக்க மாட்டேன், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.

எங்கிட்ட 3 லட்சம் இருக்கு, தர்றேன். பங்கும் வேண்டாம் வட்டியும் வேண்டாம், ஆனா திருப்பிக் குடுக்கற தேதிய நீயே எழுதிக் குடு.

வர்ற சனிக்கிழமை ஊருக்கு வா. அஞ்சு மணிக்கு கம்பெனிக்கு வந்துரு, சம்பளக் கவர எங்கூட உக்காந்து நீயே குடு, செக்கிங் அக்காவுக்கு உன்னப் பாத்தா ரொம்ப சந்தோசமா இருக்கும். ராத்திரி உன் லேப்டாப்ப விரிச்சு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல தேதி போடலாம். எந்த பஸ்ஸுல வர்றேன்னு மெசேஜ் போடு, பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோட வந்துர்றேன்.

அப்பா