கண்ணனின் மிருதங்கமும் 'சக்தி' நால்வரும்

அன்புள்ள சந்துருவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். சாரதாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர் இன்னும் மாடி வீட்டுக்காரராகவே இருக்கிறார். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உன் பிள்ளை கண்ணனைப் பற்றி நீ பக்கம் பக்கமாகப் புலம்பியிருப்பதுதான். முறையாக மிருதங்கம் பயின்ற பிள்ளை கிட்டார்காரர்களோடு சேர்ந்து "கதம்ப சாதம் கிண்டுகிறான்" என்கிறாய். அத்தை வீட்டு மொட்டைமாடியில் மவுத் ஆர்கனில் தோடி வாசிக்க முயன்ற மகானுபாவர் இதைச் சொல்கிறார் என்பதை நினைத்துச் சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரித்து முடித்த பிறகு, நம் ராக தாளத்தையும் மேற்கத்திய ஜாஸையும் இணைத்த 'சக்தி' இசைக்குழுவைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பெயரைக் கேட்டிருப்பாய், உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டாய். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம் விக்கு விநாயக்ராம் கடம். முதல் இசைத்தட்டில் மட்டும் ராமநாதபுரம் ராகவன் ஐந்தாமவராக மிருதங்கம் வாசித்தார் என்பதால், உங்கள் வீட்டு வாத்தியத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்த கச்சேரிதான் அடுத்த ஆண்டு அந்த இசைத்தட்டாக வெளிவந்தது.

மெக்லாஃப்லின் அப்போது யார் என்பதை நீ கவனிக்க வேண்டும். புகழ்பெற்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தவர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் காது கிழியும் மின்கிட்டார் இசையால் பெரிய அரங்குகளை நிரப்பியவர். அந்தப் புகழின் நடுவிலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை அறிஞர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை கற்றுக்கொண்டார். பிறகு மின்சாரத்தைத் துறந்து, மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கிட்டாரின் மெட்டுக் கட்டைகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குடைந்தெடுத்து, வீணையில் போலத் தந்தியை அழுத்தி இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகம் பிடிக்க வழி செய்துகொண்டார். துளைக்குக் குறுக்கே ஏழு சுருதித் தந்திகளையும் கட்டச் செய்தார். ராகத்துக்காகத் தன் வாத்தியத்தையே திருத்தி அமைத்துக்கொண்ட ஒருவரைக் கதம்பம் கிண்டுபவர் என்று சொல்ல உனக்கு மனம் வருமா?

எதிர்த்திசையிலும் அதே உழைப்பு நடந்தது. சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் சென்னைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. தந்தை லட்சுமிநாராயணரிடம் பாடாந்தரமாகக் கற்றவர். அவர் ஜாஸ்காரர்களைப் போல மின்னல் வேகத்தில் சொற்றொடர்களை மாற்றிக்கொள்ளும்போது, அது நம் கேள்வி-பதில் ஸ்வரமா, அவர்களுடைய வழக்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தபலாவும் கடமும் சேரும் இடமோ இன்னும் வியப்பானது. ஜாகிர் பஞ்சாப் கரானா என்ற தபலா மரபின் தீஹாயோடு, அதாவது மூன்று முறை சொல்லி முடிக்கும் சொற்கட்டோடு வருகிறார், விநாயக்ராம் நம் மோஹரா-கோர்வை என்ற முடிப்புக் கணக்கோடு வருகிறார்; இரண்டு கணக்குகளும் வெவ்வேறு வழியாகச் சுற்றிவந்து ஒரே சமத்தில், தாளத்தின் முதல் அடியில், விழுகின்றன. குழுவில் பேஸ் கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து எழுப்பும் ஆழ்ந்த கும்காரமே அடித்தளத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

எல்லாம் சிறப்பு என்று நான் சாதிக்கவில்லை. 1977-இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் உருப்படிகள் சிறுத்துவிட்டன. முதல் தட்டில் மூன்றே உருப்படிகள், இதில் எட்டு. ராகம் மூச்சுவிடுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அங்கே நீ திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். அடுத்த ஆண்டே குழு கலைந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டும் கூடி, சிறிது காலத்தில் மெக்லாஃப்லினோடும் ஜாகிரோடும் மாண்டலின் ஸ்ரீநிவாசும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்து புதிய நால்வரானார்கள். ஸ்ரீநிவாஸ் 2014-இல் தம் நாற்பத்தைந்தாம் வயதில் போய்விட்டார். 2024 பிப்ரவரியில் குழுவுக்கு கிராமி விருது கிடைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் மறைந்தார். 1975-இன் நால்வரிலும் வயதில் இளையவர் அவர்தான், சந்துரு. அந்தச் செய்திக்குப் பிறகு பல நாட்கள் என்னால் அந்தத் தட்டுகளைப் போட முடியவில்லை.

கண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் யாரோடு வாசிக்கிறான் என்று கேட்டுச் சண்டையிடாதே. அந்தக் கிட்டார் பையன் கையில் தாளம் போட்டுச் சொற்கட்டு சொல்லக் கற்றுக்கொள்கிறானா, கண்ணன் அவனிடமிருந்து எதையாவது கற்றுக்கொண்டிருக்கிறானா என்று மட்டும் விசாரி. இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், நீ புலம்புவதில் நியாயம் இருக்கிறது. நானே வந்து அவனிடம் பேசுகிறேன். அதற்கு முன் அந்த இரண்டாவது தட்டில், வாயாலேயே கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்கட்டு, சொல்லித் தொடங்கும் உருப்படியை அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து கேளுங்கள். கைப்பேசியில் கேட்காதே, கடத்தின் கும்காரம் அதில் காணாமல் போய்விடும். மூர்த்தியிடம் இதைப் பற்றி மூச்சுவிடாதே, தவில் கதையை மறுபடியும் தொடங்கிவிடுவான்.

கண்ணன் என்ன சொன்னான் என்று உடனே எழுது.

அன்புடன்,
ரகு