பின்னால் வண்டி வராத 152 கிலோமீட்டர்

கை கொடுத்த உங்கள் எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

உங்களில் பலரிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. உதவி வாங்கும்போது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராகி நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது. பாதையைக் கவனித்துக்கொள்ளும் அறக்கட்டளைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். அதில் 'மிக்க நன்றி'யைத் தாண்டி எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மிச்சமெல்லாம் தமிழில்தான் வருகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: நியூசிலாந்தின் தென் தீவில் ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் என்று ஒன்று இருக்கிறது. கிளைடு என்ற சின்ன ஊரிலிருந்து மிடில்மார்ச் என்ற இன்னொரு சின்ன ஊர் வரை, மலைகளுக்கு நடுவே 152 கிலோமீட்டர் சரளைப் பாதை. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். இப்போது சைக்கிளும் நடையும் குதிரையும்தான். காரோ லாரியோ மோட்டார் பைக்கோ அதில் வரக் கூடாது. போன மார்ச் மாதம் நான்கு நாளில் அதை ஓட்டி முடித்தேன். எனக்கு வயது 54.

இதில் என்ன பெரிய சாதனை என்று கேட்கலாம். எண்பது வயதுக்காரர்கள் பேட்டரி சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார்கள், உண்மைதான். ஆனால் ஏழு வருஷமாக நான் சைக்கிளைத் தொடவில்லை. ஒரு காலை வேளையில், வேலைக்குப் போகும் வழியில், பின்னாலிருந்து வந்த ஒரு வேன் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது முழங்கையில் தகடு வைத்தார்கள். கை சரியாகிவிட்டது, காதுதான் சரியாகவில்லை. நடந்து போகும்போதுகூடப் பின்னால் டயர் சத்தம் கேட்டால் உடம்பு தானாக ஒதுங்கும். அரைப்பெடல் போட்டு, முட்டி பேர்த்து, மணிக்கு ஒரு ரூபாய் வாடகை சைக்கிளில் திருமங்கலம் தெருக்களைச் சுற்றியவள் நான். அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வரும்.

எனவே முதல் நன்றி, வருஷக்கணக்கில் என் முழங்கையை நீட்டி மடக்கவைத்த பிசியோதெரபிஸ்டுக்கு. "வண்டியே வராத பாதை ஒன்று இருக்கிறது, போய்ப் பாரேன்" என்று முதலில் சொன்னவர் அவர்தான். அடுத்தது, தமிழ்ப் பள்ளிக்கு வரும் யாழ்ப்பாணத்து அக்காவுக்கு. பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை ஒன்றைப் பையில் சுருட்டிக் கொடுத்து, "வெக்கப்படாதையும் பிள்ளை, உள்ளுக்குப் போட்டுக்கொண்டு போம். ரெண்டாம் நாள் என்னை நினைப்பீர்" என்றார். அக்கா, முதல் நாள் மத்தியானமே நினைத்தேன்.

வீட்டுக்காரர் சைக்கிள் ஓட்டமாட்டார். நெடுஞ்சாலை வழியாகக் காரில் பெட்டி படுக்கையோடு முன்னால் போய், ஒவ்வொரு சாயங்காலமும் பிளாஸ்க்கில் காப்பியோடு நிற்பார். அவருக்குத் தனியாக வீட்டிலேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். (வாடகை சைக்கிளின் பின் பிரேக் முதல் நாளிலிருந்தே அழுதுகொண்டே வந்தது. கொடுத்த கடைக்கு மட்டும் இந்தக் கடிதத்தில் இடமில்லை.)

கிளைடில் ஏறி மிதித்தேன். அலெக்சாண்ட்ரா வரை எட்டுக் கிலோமீட்டர், சமதரை. வழியெல்லாம் காட்டுத் தைம் செடி. வெயில் பட்டதும் ஓமத் தண்ணீர் வாசனை. ஆனால் என்னால் எதையும் ரசிக்க முடியவில்லை. பின்னால் நறநறவென்று ஏதோ வருகிறது! திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. மறுபடி நறநற, மறுபடி திரும்பினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது என் சொந்தச் சக்கரம் சரளையை அரைக்கிற சத்தம்.

அந்தச் சரளைக்கு நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த ரயில் பாதையை 1879இல் போட ஆரம்பித்தார்கள். மலையைக் குடைந்து, ஆற்றைத் தாண்டி, அது கிளைடுக்கு வந்து சேர 1907 ஆகிவிட்டது. கடைசிக் காலத்தில் கிளைடு அணைக்கட்டுக்குச் சாமான் சுமந்தது. அணை வேலை முடியும் தறுவாயில், 1990இல், ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு மிஞ்சியது ஜல்லிதான். ரயில் தடத்து ஜல்லியில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓட்டுகிற சமாச்சாரமே இல்லை. 1993இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலத்தை எடுத்துக்கொண்டது. மறு வருஷம் ஊர்க்காரர்கள் சேர்ந்து அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். ஜல்லிக்கு மேல் பொடிச் சரளை கொட்டி உருட்டினார்கள். பாலங்களுக்குப் பலகை அடித்து, கைப்பிடிக் கம்பி வைத்தார்கள். 2000இல் முழுப் பாதையும் திறந்தது. வண்டியே இல்லாத வழி ஒன்று வேண்டும் என்று நினைத்து அதற்காக அலைந்தவர்களே, உங்களுக்குப் பெரிய கும்பிடு.

இன்னொரு நன்றி நீராவி எஞ்சினுக்கு. அதனால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே பாதை எங்கேயுமே ஐம்பது அடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் ஏறாது. டைகர் ஹில் என்ற பெயரைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய்ப் பார்த்தால் பாதை மலையோடு சண்டை போடாமல் பெரிதாக வளைந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேலே கூட்டிப் போகிறது. நடுவில் இறங்கித் தள்ளினேன், அது வேறு விஷயம்.

இரண்டாம் நாள் பூல்பர்ன் பள்ளத்தாக்கு. அங்கே அடுத்தடுத்து இரண்டு சுரங்கங்கள். பெரியது 229 மீட்டர். டார்ச் எடுத்துப் போ என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எடுத்துத்தான் வந்தேன், அது பத்திரமாக வீட்டுக்காரரின் காரில் இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. தூரத்தில் காசு அளவுக்குத் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து, ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் ஈரச் சுவரையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து இரண்டு விளக்குகள். கூடவே அந்த நறநற. இந்தத் தடவை நிஜம். கால் நகரவில்லை. சைக்கிளைச் சுவரோடு சாய்த்து நானும் ஒட்டி நின்றுவிட்டேன்.

விளக்குகள் நின்றன. "நாங்கள் தாண்டட்டுமா, பின்னாலேயே வரட்டுமா?" என்று ஒரு பெண் குரல். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நீங்கள் இருவரும் இறங்கினீர்கள். நான் மெதுவாக நடக்க, என் காலடியில் வெளிச்சம் விழும்படி விளக்கைச் சாய்த்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தீர்கள். எழுபதுக்கு மேல் இருக்கும் உங்களுக்கு. வெளியே வந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தீர்கள். "இன்னொன்று உடனே வரும், ஹைடு பக்கத்திலும் ஒன்று இருக்கிறது" என்று சொல்லி, ஐயா தன் தலைவிளக்கைக் கழற்றி என் ஹெல்மெட்டில் மாட்டிவிட்டார். மிடில்மார்ச்சில் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். நான் ஏன் அப்படி நடுங்கினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ஐடா பள்ளத்தாக்கில், எதிரே ஹாக்டன் மலை சீவிவிட்ட மாதிரி தட்டையாக நீண்டு கிடக்க, நேர்கோட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். சுரங்கத்துக்கு அப்புறம் நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பாதையின் உச்சி, 618 மீட்டர். அதைத் தாண்டி, வெடர்பர்னுக்கு அப்புறம் முன்சக்கரம் பொதபொதத்தது. காட்டு ரோஜா முள். மாற்று டியூப் இருந்தது, மாற்றத்தான் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுப் பண்ணை. நான் முழிப்பதைப் பார்த்து நாயோடு நடந்து வந்த அம்மா, மாற்று டியூபைத் தொடவே இல்லை. கிழிந்ததைக் கழற்றிக் காற்றடித்து, ஆடு குடிக்கிற தொட்டியில் முக்கிச் சுற்றினார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார். ஈரம் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவிட்டு, ஒட்டு வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்டு பஞ்சர் கடையில் இரும்புச் சட்டியில் நடப்பது, ஒரு அடவு மாறாமல் இங்கே ஆட்டுத் தொட்டியில். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் காரணம் தெரியாமலே சிரித்தார். பாதை வருகிறது என்றபோது எதிர்த்தவர்களில் தன் அப்பாவும் ஒருவர் என்றார். காசு தர வந்ததற்கு, "போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போ, அது போதும்" என்றார். சாத்தினேன் அம்மா. கொக்கி விழுந்ததா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கடைசி நாள் முழுக்க எதிர்க்காற்று. ஹைடு பக்கத்தில் 1943 ஜூன் 4 அன்று ரயில் கவிழ்ந்து 21 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களுக்காக எழுப்பிய கல் தூண் அருகே கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அந்த நிழலில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்கள் ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு, என்னை நடுவில் விட்டுக் காற்றை மறைத்துக்கொண்டே பத்துக் கிலோமீட்டர் ஓட்டினார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர், இரண்டு சக்கரச் சத்தம். எனக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது.

மிடில்மார்ச்சில் பிளாஸ்க்கோடு நின்றவர் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தார், ஒட்டுப் போட்ட டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்றார். "பண்ணைக்கார அம்மா" என்றேன். அப்புறம் காப்பி.

அன்புடன்,
டனீடினிலிருந்து, திருமங்கலத்துக்காரி

பி.கு.: தலைவிளக்குக் கொடுத்த ஐயா, அம்மா, மிடில்மார்ச்சில் இருட்டும் வரை உங்களுக்காகக் காத்திருந்தேன். நீங்கள் ராத்திரி வழியில் எங்கேயோ தங்கிவிட்டீர்கள் போல. விளக்கின் பட்டையில் சிவப்பு நூலால் ஒரு தையல் இருக்கிறது. அந்த அடையாளத்தைச் சொன்னால் போதும். அறக்கட்டளைக்காரர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பேட்டரி புதிதாக மாற்றிவிட்டேன்.