புல்பெக்கும் க்ரொஸ் பந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் உதைபந்தாட்ட அணிகளின் புல்பெக்குகள் (பின்களத்தில் இரு ஓரமும் ஆடுபவர்கள்) க்ரொஸ் அடிப்பது, அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்தை அனுப்புவது, போதாது என்று விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அடிப்பதில் குறைவில்லை, அடிக்கும் இடம்தான் பிழை. 2014 பெப்ரவரியில் புல்ஹாமுக்கு எதிராக மென்செஸ்டர் யுனைடெட் 81 க்ரொஸ் அடித்தது. ஆட்டம் 2-2. எட்ட நின்று உயர்த்தும் பந்தை, உயரமான பின்கள வீரர் வரும்போதே பார்த்துத் தலையால் தட்டிவிடுவார்.

கோல் கோடு வரை ஓடி, தரையோடு பின்னோக்கி இழுத்துக் கொடுத்தால் கதை வேறு. பின்கள வீரர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் வரும் நம் வீரன் அவர்கள் கண்ணில் படமாட்டான். பந்துக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஓப்சைட்டும் இல்லை.

எங்கள் மலையக மைதானங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. மலையை வெட்டிச் சமப்படுத்திய மைதானம் 50 மீற்றர் அகலம் என்று வையுங்கள். முறைப்படி போட்டால் பெனால்டி பெட்டியே 40.32 மீற்றர், ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது ஐந்து மீற்றர்கூட இல்லை. தொலைக்காட்சியில் பார்த்த வேகத்தில் உதைத்தால் பந்து தூரக் கம்பத்தையும் தாண்டித் தேயிலைக்குள் இறங்கும். தேடி எடுப்பதற்குள் ஆட்டத்தின் சூடே ஆறிவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்து கூடுதல் தூரம் போகும், வளைவது குறையும். கொழும்பில் பழகிய கால் இங்கே தடுமாறுவது அதனால்தான்.

கோளாறு பெரும்பாலும் உதைக்கு முந்திய தொடுகையில் இருக்கும். பந்து காலடியில் சிக்கினால் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இரண்டடி முன்னே தள்ளி, ஒருதரம் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, ஊன்றுகாலைப் பந்துக்கு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து மேலே ஏறிவிடும். முதல் பின்கள வீரரையே தாண்டாத பந்து ஆகக் கேடு: புல்பெக் மேலே நிற்க, அவர் விட்டுவந்த இடத்தால் எதிரணி இறங்கும்.

மழைக்காலத்தில் தரைப் பந்து தண்ணீரில் நின்றுவிடும். அப்போது மட்டும் இடுப்பளவு உயரத்தில், கீப்பருக்கும் பின்களத்துக்கும் நடுவே வேகமாக அடிக்கலாம்.

பயிற்சியில் 20 பந்து கொடுத்து, 5.5 மீற்றர் கோட்டுக்கும் 11 மீற்றர் பெனால்டி புள்ளிக்கும் இடையே போனதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். உங்கள் போட்டிச் செய்தியிலும் அடித்தவை எத்தனை என்பதோடு, முதல் ஆளைத் தாண்டியவை எத்தனை என்றும் போட்டால் பையன்களுக்கு உதவும்.

உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர்,
ஹட்டன்