இரண்டு நாள் மண்சட்டி வகுப்புக்குக் கட்டிய ரூ. 9,000 திரும்ப வேண்டும்

பண்ணை சமையல் பள்ளி நடத்தும் குடும்பத்தாருக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் மூன்று தடவை எழுதிவிட்டேன். நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் இந்தத் தடவை ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் சேர்த்தே அனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதலில் அந்தப் பூட்டிய கேட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் அது மறக்க மாட்டேன் என்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் இறங்கி, அங்கிருந்து சிறுமலை அடிவாரத்துக்கு ரூ. 450 கொடுத்து ஆட்டோவில் வந்து சேர்ந்தால் உங்கள் நீலக் கேட்டில் பூட்டு. உள்ளே நாய் மட்டும் குரைக்கிறது. என் அம்மாவுக்கு 67 வயது, முட்டி வலி. பாலத்துக் கட்டைச் சுவரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஏழு தடவை அடித்த பிறகு உங்கள் இளைய மகன் போனை எடுத்து, "ஆறு பேர் சேரலன்னா வகுப்பு கிடையாதுன்னு குரூப்ல போட்டோமே, பாக்கலையா?" என்றார். எந்தக் குரூப்? என்னை அதில் சேர்க்கவே இல்லை. பணம் வாங்கும்போது மட்டும் நம்பர் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இது இரண்டாவது பயணம். முதல் தடவை வாடிப்பட்டி தாண்டும்போது "இன்று வகுப்பு இல்லை" என்று செய்தி வந்தது. சரி, குடும்பமாக நடத்துகிறவர்கள், வீட்டில் ஏதாவது ஆகியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். அப்போதே பணத்தைக் கேட்டிருக்க வேண்டும், புத்தி வரவில்லை.

மூன்றாவது தடவை வகுப்பு நடந்தது. நடந்தது என்றா சொல்வது? உங்கள் தொகுப்பில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கே தெரியும்: விறகடுப்பு, மண்சட்டி, அம்மி, நம் கையால் பறிக்கும் காய், கருப்புக் கவுனி நெல் வயலைச் சுற்றிப் பார்ப்பது. அடுப்பு கேஸ் அடுப்பு. ஆட்டுக்கல்லில் பிளாஸ்டிக் செம்பருத்தி வைத்து அழகு பார்த்திருக்கிறீர்கள். கத்தரிக்காய் இருந்த சாக்கில் ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கவுனி வயல் எங்கே என்று கேட்டதற்கு உங்கள் மூத்த மருமகள் மக்காச்சோளத் தட்டையைக் காட்டி "போன போகத்துல இருந்துச்சு" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று அம்மாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

கருப்புக் கவுனிக்காகத்தான் அம்மா வந்தார். தேவகோட்டைப் பக்கம் பிறந்தவர், கல்யாண வீடுகளில் கவுனி அரிசி இனிப்புக்குப் பதம் பார்த்துப் பழகிய கை. முந்தின ராத்திரியே ஊறப்போடாத கவுனியைக் குக்கரில் போட்டால் லேசில் வேகாது என்பது சமையல் பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? ஒன்பது விசில் விட்டீர்கள். வாயில் போட்டால் நறநற என்றது. அதன் மேல் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இலையை மூடிவிட்டார். மறுநாள் கோவில் திருவிழா, வகுப்பு கிடையாது என்பதைச் சாயங்காலம் செருப்பை மாட்டும்போது சொல்கிறீர்கள். ஆக, இரண்டு நாளுக்குப் பணம் வாங்கி அரை நாள் நடத்தியிருக்கிறீர்கள்.

பணத்தைக் கேட்டால் மருமகள் "கணக்கு அவர்கிட்ட" என்கிறார், மூத்த மகன் "தம்பிகிட்ட கேளுங்க" என்கிறார், உங்கள் அய்யா எப்போதும் தோட்டத்தில். தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "வீட்ல சமைக்கத் தெரியாதவங்கதானே இங்க வர்றீங்க, சாப்பிட்டதுக்குக் காசுன்னு நெனச்சுக்கங்கக்கா." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அம்மா பக்கத்தில்தான் நின்றார். ஐம்பது வருஷமாக அடுப்படியில் நின்றவரிடம் சொல்கிற பேச்சா அது? நாங்கள் இங்கே இட்லி மாவு ஆட்டி விற்றுப் பிழைக்கிறவர்கள். உங்களை நம்பி மூன்று நாள் கடையை அடைத்தேன், நாலாவது நாள் ஆட்டி வைத்த மாவு புளித்துப் போனது. பாதி வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விட்டது, இனி வராது. கூட்டிப் பார்த்தால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. இந்த மனக் கஷ்டத்துக்கு லட்சம் கேட்டாலும் தகும்.

நான் கேட்பது ரூ. 9,000-மும் மூன்று தடவை போய்வந்த செலவும்தான். தயவுசெய்து 15 நாளுக்குள் அனுப்பிவையுங்கள். வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதற்குத் திண்டுக்கல் வர வேண்டியதுகூட இல்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மதுரையிலேயே மனுப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. "இயற்கை" என்று பெரிதாக அச்சடித்து ரூ. 180-க்கு விற்றீர்களே மிளகாய்ப்பொடி, அந்தப் பாக்கெட்டில் 14 இலக்க உணவு உரிம எண் எங்கே? இயற்கை விவசாயச் சான்று கேட்டதற்கு "எங்க வார்த்தைதாங்க சான்று" என்று சிரித்தார் உங்கள் மூத்த மகன். அந்த வார்த்தையைத்தான் மூன்று தடவை பார்த்துவிட்டேனே. பாக்கெட்டைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறேன், உணவுப் பாதுகாப்பு அலுவலகம் இங்கேயும் உண்டு. அந்தளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. கூடத்தில் இயற்கை விவசாயம் சொல்லித் தந்த நம்மாழ்வார் அய்யா படம் மாட்டியிருக்கிறீர்கள், அதைப் பார்த்துத்தான் முதலில் நம்பினேன். இந்தக் கடிதத்தை உங்கள் அய்யா கையில் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கத்தி அவரவர் கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்ததால் அம்மா தன் அரிவாள்மனையை எடுத்து வந்தார். அது உங்கள் கொட்டகையில் வலப்பக்க ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, பிடிக் கட்டையில் ஒரு வெடிப்பு இருக்கும். "வந்து எடுத்துக்கங்க" என்கிறார் தம்பி. நான்காவது தடவை வர மாட்டேன். பணம் அனுப்பும் அன்றே அதையும் கூரியரில் போடுங்கள், கூரியர் காசை வேண்டுமானால் நான் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இட்லி மாவுக் கடைக்காரி,
மதுரை